வைரவன்பட்டியில் சேர்ந்த சாமி

தை பிறந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காணொளி வந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறுவார்கள், நாயின் நிறம் மாறும், மற்றதெல்லாம் அப்படியேதான். பச்சை வேட்டி கட்டிய கூட்டம் ஒன்று பழனிக்கு நடந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு தெருநாய். கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் விபூதி, பின்னணியில் முருகன் பாட்டு. "பைரவரே கூட வர்றார்" என்று ஒரு சித்தப்பா எழுதுவார். "தருமரோட கடைசிவரைக்கும் போனது நாய்தானே" என்று ஒரு பெரியம்மா பதில் போடுவார். அப்புறம் யாராவது காலை வணக்கப் படம் அனுப்ப, விஷயம் மேலே போய்விடும். எனக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி நிற்கும். பூசம் முடிந்து, மொட்டை போட்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு எல்லோரும் பஸ் ஏறிய பிறகு அந்த நாய் எங்கே போனது? அந்தக் காணொளியை யாரும் எடுப்பதில்லை.

பத்திரிகைச் செய்திகளும் இப்படித்தான் பாதியில் நிற்கின்றன. 2019 நவம்பரில் திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடந்துபோன ஐயப்ப பக்தர்கள் 13 பேரோடு ஒரு தெருநாய் 480 கிலோமீட்டர் நடந்து சிக்கமகளூரு மாவட்டம் வரை வந்துவிட்டதாக எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நான் படித்த செய்தி சிக்கமகளூருவோடு முடிந்துவிட்டது. அலோகாவின் கதை வேறு. இந்தியாவில் பௌத்த பிக்குகளின் நடைப்பயணத்தில் தானாக வந்து சேர்ந்த நாய் அது. பிக்குகள் அதைத் தங்களோடு அமெரிக்காவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். 2025 அக்டோபரில் டெக்சாஸிலிருந்து வாஷிங்டனை நோக்கி அவர்கள் நடந்தபோது அதுவும் நடந்தது. கால் ஓய்ந்தால் ஏற்றிக்கொள்ள வண்டி இருந்தது, பார்க்க மருத்துவர் இருந்தார். கூட்டிப்போனவர்கள் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். நம் காணொளிகளில் எனக்கு உறுத்துவது அந்த இரண்டாவது பாதி இல்லாததுதான்.

எல்லை வரை வருபவை

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பாதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. நகரத்தார் காவடி 400 ஆண்டுகளுக்கு மேலாகப் போகிற வழி. காவடிக்கு முன்னும் பின்னுமாக எங்களைப் போன்ற சின்னச் சின்னக் கூட்டங்கள் போய்க்கொண்டிருக்கும். வெயிலுக்குப் பயந்து ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பிவிடுவோம். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர், கையில் டார்ச், காலில் ஒன்றும் கிடையாது. அந்த நேரத்தில் ஊர்களில் முழித்திருப்பவை டீக்கடைப் பாய்லரும் நாய்களும்தான்.

பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தெரியும், இந்த வழியில் நாய்களுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. ஊர் முகப்பில் நுழைந்ததும் இரண்டு நாய் குரைக்கும். யாராவது "அரோகரா" என்றதும், இது வருஷா வருஷம் வருகிற கூட்டம்தான் என்று தெரிந்துகொண்டதுபோல் அடங்கிவிடும். அதில் ஒன்று கூடவே நடக்கும். முன்னால் பத்தடி ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், மின்கம்பத்தை மோந்துவிட்டு மறுபடி வரும். ஊர் முடிகிற இடத்தில், பெரும்பாலும் ஒரு பாலமோ கண்மாய்க் கரையோ வரும்போது நின்றுவிடும். கூப்பிட்டாலும் வராது. அந்தப் பக்கம் அடுத்த ஊர் நாய்களின் ராஜ்ஜியம். இருட்டில் நடக்கிற பெண்களுக்கு இந்தத் துணை எவ்வளவு பெரியது என்று எங்கள் கூட்டத்து ஆச்சியைக் கேட்டால் சொல்வார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் பின்னால்தான் வருவார்கள், நாய்களோடு பேசிக்கொண்டே. "போலீஸ்காரவுக நெடுஞ்சாலையில நிக்கிறாக, இதுக ஊருக்குள்ள நிக்குதுக" என்பார்கள்.

சோற்றுக்காக வருகின்றன என்று நினைத்தால் அது சரியில்லை. தைப்பூச சீசனில் இந்தச் சாலையில் சோற்றுக்குப் பஞ்சமே கிடையாது. பந்தலுக்குப் பந்தல் பொங்கல், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், வாழைப்பழம், சுக்குக் காபி. பாக்குமட்டைத் தட்டில் பாதி சாப்பிட்டு வீசியது மலையாகக் கிடக்கும். சாலையோர நாய்களுக்கு வருஷத்தில் வயிறு நிறைகிற மாதம் இதுதான். தயிர்சாதத்தை மோந்துவிட்டு வேண்டாம் என்று போகிற நாயை இங்கே பார்க்கலாம். (பூசத்துக்கு அடுத்த வாரம் அதே நாய்களைப் பார்க்க மனசு வராது, அது வேறு கதை.) அப்படியிருக்க, எல்லை தாண்டி ஒரு நாய் கூட வருகிறது என்றால் சோறு அதற்குக் காரணமாக இருக்காது.

தடவிக் கொடுத்தவர்

வைரவன்பட்டி நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று. வைரவர் பேரிலேயே ஊர். விடிகாலையில் அங்கே மூடியிருந்த ஒரு பெட்டிக்கடை முன்னால் உட்கார்ந்திருந்தோம். செவலை நிறத்தில், வாலின் நுனி மட்டும் வெள்ளையாக ஒரு நாய் வந்து எங்கள் கூட்டத்துத் தம்பி ஒருவர் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அவர் சென்னையில் வேலை பார்ப்பவர். ஏதோ ஒரு நேர்த்திக்காக முதல் முறை மாலை போட்டிருந்தார். கூட்டத்தில் யாரையும் பழக்கமில்லை, தானாகப் பேசவும் மாட்டார். கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கையால் நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட ஆரம்பித்தார். கழுத்து, தாடை, நெஞ்சுக்குழி என்று நிதானமாக. நாய் கண்ணை மூடிக்கொண்டு தலையை அவர் முட்டியில் சாய்த்தது. கிளம்புகிற நேரம் வரை அந்தக் கை எடுக்கப்படவில்லை.

கொல்கத்தாவில் ஐசர் என்கிற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் தெருநாய்களை ஆராய்கிறவர்கள் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பழக்கமில்லாத ஆட்கள் தெருநாய்களிடம் போய், சிலவற்றுக்குத் தின்னக் கொடுத்தார்கள், சிலவற்றைத் தடவிக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பப் போனபோது, தடவிக் கொடுத்தவர்களிடம்தான் நாய்கள் அதிகம் நம்பி வந்தன. எப்போதும் மனிதர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்து, மனிதக் கை படாமலே காலம் தள்ளுகிற பிராணிக்கு, தானாக நீண்டு வருகிற ஒரு கை சாதாரண விஷயமா? வீசுகிற பிஸ்கட் எங்கேயும் கிடைக்கும். அதனால்தான் திருப்பத்தூர் வந்தும் செவலை நிற்கவில்லை. தன் பாலத்தைத் தாண்டியது, அடுத்ததையும் தாண்டியது. அந்தத் தம்பியின் இடது காலுக்கு ஒரு முழம் தள்ளி, சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்தது.

சிங்கம்புணரிக்குள் நாங்கள் நுழைந்தபோது அது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் நடந்திருந்தது. சேவுகப்பெருமாள் கோயில் பக்கத்துப் பந்தலில் ஒருவர் மாலை போட்டார், இன்னொருவர் விபூதி பூசினார். மாலை போட்ட எல்லோரும் "சாமி"தான் என்பதால் இதுவும் "சாமி" ஆனது. வைரவன்பட்டியில் சேர்ந்ததால் "வைரவர்" என்றும் பேர் வந்தது. செல்போன்கள் வெளியே வந்தன. எனக்கு வருஷா வருஷம் உறுத்துகிற காணொளி என் கண்ணெதிரே தயாராகிக்கொண்டிருந்தது. ஆச்சி மட்டும் நாயின் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதப் பாரு, காதுல வெட்டிருக்கு. புண்ணு ஆறி ரொம்ப நாளாச்சு."

இடது காது நுனியில் 'வி' வடிவத்தில் சின்ன வெட்டு. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தெருநாய்க்கு வைக்கிற அடையாளம். 2023-ல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, அறுவை முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். டெல்லி நாய்கள் பற்றிய வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிபிடித்தவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றை அதே பகுதியில்தான் விட வேண்டும் என்று தன் பழைய உத்தரவைத் திருத்தியது. இதில் நாயின் மேல் இருக்கிற இரக்கத்தைவிடக் கணக்குதான் அதிகம். ஒரு தெருவிலிருந்து நாயை எடுத்தால் அந்த இடத்துக்குப் புது நாய் வரும், எடுத்த நாய் போகிற இடத்தில் சண்டை வரும். ஆக, இந்தச் செவலையை யாரோ ஒரு முறை பிடித்து, அறுத்து, தைத்து, அரசாங்கச் செலவில் அதன் தெருவிலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நாங்கள் செலவே இல்லாமல் அதை வேறு தாலுகாவுக்குக் கூட்டிவந்துவிட்டோம்.

இதைச் சொன்னபோது கூட்டத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. "அதுவா வருது, நாமளா இழுத்துட்டு வர்றோம்?" என்றார் ஒருவர். "முருகன் கூப்பிட்டிருக்கான், வருது. அவன் பாத்துக்குவான்" என்றார் இன்னொருவர். ஆச்சி விடவில்லை. "அவன் பாத்துக்குவான்னுதான் அம்புட்டு பேரும் சொல்றிய. பூசத்தன்னைக்கு அவனுக்கு இருக்கிற கூட்டத்துல இதத்தான் பாக்கப் போறானாக்கும்."

நத்தம் தாண்டி

மறுநாள் நத்தத்தைத் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. தை மாதம் என்றாலும் பதினோரு மணித் தார்ச்சாலை சும்மா விடாது. எங்களுக்காவது சில இடங்களில் தண்ணீர் லாரி வந்து ரோட்டை நனைத்துவிட்டுப் போகும். செவலை இப்போது வெள்ளைக் கோட்டின் மேல் நடக்கவில்லை, மண்ணில் இறங்கி நடந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து முன்னங்காலை நக்கியது. தம்பி குனிந்து அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலின் கறுப்புத் தோல் ஓரத்தில் உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் நெருஞ்சி முள். முள்ளை எடுத்ததும் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. நாய் காலை உருவிக்கொள்ளவில்லை, அவர் கையைத்தான் நக்கியது. முதலுதவிப் பந்தலில் இருந்த பையன் எங்களுக்குப் போடுகிற மருந்தையே எடுத்துக்கொண்டு வந்தான். பூசிய அடுத்த நொடியே அதை நக்கி முடித்துவிட்டது.

கோபால்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அங்கேதான் நடந்தது. கடைக்குப் பின்னாலிருந்து ஐந்தாறு நாய்கள் வந்தன. குரைக்கவில்லை. குரைத்தால் பயமில்லை என்பது நாய் பழகியவர்களுக்குத் தெரியும். தலையைத் தாழ்த்தி, அரைவட்டமாக நெருங்கின. நடந்து நடந்து தேய்ந்துபோயிருந்த செவலை வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்க்கு நடுவில் புகுந்தது. அதன் பின்னாலேயே இரண்டு நாய் பாய்ந்தன. டம்ளர்கள் உருண்டன, யாரோ அலறினார்கள், கடைக்காரர் கொதிக்கிற தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, நல்ல வேளையாகத் தரையில்தான் ஊற்றினார். யாரையும் கடிக்கவில்லை. கடித்திருந்தால்? ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு, அன்றைக்கே ஊசி போடு, அடுத்தடுத்த ஊசிக்கு எந்த ஊரில் இருக்கிறோமோ அங்கே ஆஸ்பத்திரி தேடு என்று அந்த யாத்திரையே வேறாகியிருக்கும். செவலையின் பின்னந்தொடையில் மட்டும் ஒரு கிழிசல்.

சத்தம் அடங்கியதும் ஆச்சி எழுந்தார்கள். எங்கள் சாமான்களை ஏற்றிவந்த குட்டியானை அரிசியும் சிலிண்டரும் எடுக்கக் காரைக்குடிக்குத் திரும்ப இருந்தது. "வண்டி வைரவன்பட்டி வழியாத்தான போகுது? இத ஏத்தி விடுங்க." டிரைவர் சம்மதித்தார். நாய் சம்மதிக்கவில்லை. இரண்டு பேர் தூக்கி ஏற்றினால் மறுபக்கம் குதித்தது. பிஸ்கட் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தம்பி வண்டி அருகே போனால் மட்டும் முன்னங்கால் இரண்டையும் பலகையில் வைத்து அவரைப் பார்த்தது. அவர் ஏறினால் அதுவும் ஏறும். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. பாதயாத்திரையில் மாலை போட்டவன் வண்டியில் கால் வைக்கக் கூடாது. அவர் எதற்காக நேர்ந்துகொண்டார் என்று எங்களுக்குத் தெரியாது. சின்ன விஷயத்துக்காக யாரும் சென்னையிலிருந்து வந்து வெறுங்காலில் நடப்பதில்லை.

"விட்டுட்டு நடங்க சாமி, அது எப்படியோ பொழச்சுக்கும்" என்று ஒருவர் சொன்னார். தம்பி சாலையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு குருசாமியிடம் போய், "சாமி, நான் போய்ட்டு வர்றேன்" என்றார். கேள்வியாகக்கூட அவர் அதைக் கேட்கவில்லை. குருசாமி கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏறின எடத்துலயே எறங்கி நடங்க சாமி. கணக்கு நேராயிரும்." தம்பி பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். செவலை ஒரே தாவில் ஏறி அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. போகிற வண்டியைப் பார்த்து யாரும் "அரோகரா" சொல்லவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது நேர்த்திக் குறை என்றே பட்டது. ராத்திரி சாணார்பட்டி வரை அதையேதான் பேசிக்கொண்டு போனார்கள்.

ஒட்டன்சத்திரத்தில்தான் அவர் எங்களைப் பிடித்தார். பஸ்ஸில் திரும்பி வந்து, அதே டீக்கடை முன்னால் நள்ளிரவில் இறங்கி, தேவகோட்டைக் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து நடந்திருக்கிறார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அன்றைக்குத்தான் முதல் முறையாக எங்களோடு உட்கார்ந்து பேசினார். வைரவன்பட்டியில் வண்டி நின்றதும் நாய் குதித்து, முதல் வேலையாக ஒரு மின்கம்பத்தில் காலைத் தூக்கியதாம். பிறகு அந்தப் பெட்டிக்கடைக்கு நொண்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. நாங்கள் பார்த்தபோது மூடியிருந்த கடை இப்போது திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு அம்மா, "எலே ராஜா, ரெண்டு நாளா எங்கடா போய்த் தொலஞ்ச?" என்று கத்திக்கொண்டே வந்தாராம். மாலையைக் கழற்றி எறிந்து, தொடைக் காயத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பியிருக்கிறார். "மாலை போட்ட புள்ளைகன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா வழியில படுத்துக் கெடக்குறதெல்லாம் அனாதையா தம்பி?" பிறகு அவரே ஒரு கலரை உடைத்துக் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டாராம். நாய்? நாய் கடைப் பலகைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. இவர் பஸ் ஏறும்போது எழுந்துகூடப் பார்க்கவில்லை. அதைச் சொல்லும்போது தம்பிக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அந்தப் பெட்டிக்கடை அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தெருவில் இருப்பதால் யாருடையதும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், நமக்குத் தோன்றுகிற பேரை வைக்கிறோம், அதன் தலையில் ஒரு தெய்வத்தையும் ஏற்றிவிடுகிறோம். பைரவர் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதற்குக் கால் வலிக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை பாருங்கள். இதையெல்லாம் நினைக்கும்போது, வழியில் ஒரு நாயையும் தொடக் கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது. உடனே அந்தத் தம்பியின் முட்டியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்த செவலையின் முகமும் ஞாபகம் வந்துவிடுகிறது. அவர் எடுத்த நேர்த்தியில் பாதி அந்த வண்டிப் பயணத்திலேயே நிறைவேறிவிட்டது என்று ஆச்சி சொல்கிறார்கள். குருசாமி அதை ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கு கணக்குதான் என்கிறார்.

அடுத்த யாத்திரைக்கான நோட்டீஸ் தயாரானபோது குருசாமி ஒரு வரி சேர்த்திருந்தார். டார்ச் கொண்டுவரவும், பிளாஸ்டிக் தவிர்க்கவும் என்பவற்றுக்குக் கீழே: "வழியில் நாய்களைத் தொட வேண்டாம். கூட வந்தால் ஊர் எல்லையில் திருப்பி அனுப்பவும்." ஆச்சி படித்துவிட்டு, "எப்படி அனுப்புவிய, கல்லெடுத்தா?" என்று கேட்டார்கள். குருசாமியிடம் பதிலில்லை. அந்தத் தம்பியும் வந்திருந்தார். "ஆச்சி, பக்கத்துல கடை எதுவோ அங்க போய், இது யாரோட நாய், பேரென்னன்னு கேட்டாப் போதும். யாராச்சும் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும். அவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிடும்" என்றார். நோட்டீஸ் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் அதைப் பேனாவால்தான் எழுதிச் சேர்த்தோம்.